பசால்ட் குழம்பும் 200 மணிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பழைய வீட்டு வளவில், நிலவியல் படிக்கும் இளநிலை மாணவர்களுக்கு விடுமுறை நாட்களில் ஒரு பயிற்சி நடத்துகிறேன். பசால்ட் பாறைக்குழம்பு ஆறிப் படிகமாகும்போது மிச்சக் குழம்பின் வேதியியல் எப்படி மாறுகிறது என்பதுதான் பாடம். தரையில் அரிசி மாவால் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் தனிமங்களைக் குறிக்கும் 200 மணிகளைப் பரப்பி, ஒவ்வொரு படியிலும் சிலவற்றை எடுத்து வெளியே வைத்து, மிச்சத்தை எண்ணுகிறோம். அவ்வளவுதான் பயிற்சி. ஒவ்வொரு முறையும் வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால் பதில்களை இங்கே சேர்த்து வைக்கிறேன். ஆசிரியர்கள் தாராளமாக எடுத்துப் பயன்படுத்தலாம்.

பாறைக்குழம்பு உறைவதும் தண்ணீர் உறைவதும் ஒன்றுதானே?

இல்லை, குழப்பமே இங்கேதான் ஆரம்பிக்கிறது. தண்ணீர் ஒரே பொருள், அதனால் ஒரே வெப்பநிலையில் உறைகிறது, உறைந்ததும் உறையாததும் ஒரே பொருள்தான். பசால்ட் குழம்பு பல தனிமங்களின் கலவை. ஏறக்குறைய 1200 டிகிரி செல்சியஸில் முதல் படிகம் தலைகாட்டும், 1000 டிகிரிக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் கடைசிச் சொட்டும் கல்லாகும். இடையில் இருக்கும் அந்த 200 டிகிரி முழுக்கப் படிகமும் குழம்பும் சேர்ந்தே இருக்கின்றன, படிகத்தின் கலவையும் குழம்பின் கலவையும் எந்த நேரத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. குழம்பில் இருக்கும் விகிதத்திலேயே தனிமங்களை எடுத்துக்கொள்ளும் கனிமம் எதுவும் கிடையாது. ஒவ்வொரு கனிமமும் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறது, வேண்டாததை விட்டுவிட்டுப் போகிறது. மிச்சம் மாறுவதற்கு அது ஒன்றே போதும்.

பனங்கற்கண்டு மாதிரி என்று சொல்லலாமா?

பாதி வரைக்கும் சொல்லலாம். பதநீரைக் காய்ச்சிப் பாகாக்கி, நூல் கட்டிய பாத்திரத்தில் ஊற்றி, வாரக்கணக்கில் அசையாமல் வைத்தால் நூலைச் சுற்றிக் கற்கண்டு பிடிக்கும், மிஞ்சுவது கருத்த, கொழகொழவென்ற கழிபாகு. எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சி ஒருமுறை நாங்கள் மணி எண்ணுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கற்கண்டு எடுத்த பாகை மறுபடி வச்சா அதே மாதிரி கற்கண்டு பிடிக்காதுப்பா, அதுல இருந்த நல்லது போயிருச்சுல்ல" என்றார். இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. படிகமாகப் போனது திரும்பிவராத வரைக்கும் மிச்சம் வேறு திரவம்தான்.

ஆனால் கற்கண்டில் பிடிப்பது சர்க்கரை ஒன்று மட்டும். பாறைக்குழம்பில் நாலைந்து கனிமங்கள் வரிசையாக வருகின்றன. அதற்கு உப்பளம் இன்னும் பொருத்தமான உவமை. கடல்நீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பு படியும், அப்புறம் ஜிப்சம், அதற்கப்புறம்தான் சோற்றுப்பு, கடைசியில் மக்னீசியம் மிகுந்த கசப்பான நீர் மிஞ்சும். தூத்துக்குடி உப்பளக்காரர்கள் அந்தக் கசப்பு நீரை உப்பில் சேரவிடாமல் திறந்துவிடுகிறார்கள். இங்கும் ஒரு வித்தியாசம் உண்டு. உப்பளத்தில் தண்ணீர் ஆவியாகிறது, நிலத்தடியில் குழம்பு தேங்கியிருக்கும் குழம்பறையில் வெப்பம் வெளியேறுகிறது. இன்னொன்று, சோற்றுப்பு என்றைக்கும் சோற்றுப்புதான், ஆனால் பாறைக்குழம்பில் பிடிக்கும் ஒலிவின், பிளேஜியோகிளேஸ் என்ற கனிமங்கள் குழம்பு மாற மாறத் தங்கள் கலவையையும் மாற்றிக்கொள்கின்றன. இதை மூன்றாவது, நான்காவது கேள்விகளைத் தாண்டியதும் எண்ணியே பார்த்துவிடலாம்.

எந்த மணி எந்தத் தனிமம்? எத்தனை வேண்டும்?

கடையில் விற்கும் பிளாஸ்டிக் மணிகளே போதும், ஆனால் நான் வீட்டில் கிடைப்பதை வைத்துச் செய்கிறேன், மாணவர்களுக்கு அது மனதில் நிற்கிறது. சிலிக்கானுக்குப் புளியங்கொட்டை, 94. அலுமினியத்துக்கு வெள்ளைக் கொண்டைக்கடலை, 33. மக்னீசியத்துக்குப் பச்சைப் பட்டாணி, 25, ஒலிவினின் பச்சை நிறமும் ஞாபகத்தில் இருக்கும். கால்சியத்துக்குப் பல்லாங்குழிச் சோழி, 22, சோழியே கால்சியம் கார்பனேட்தான். இரும்புக்குச் சின்ன இரும்பு நட்டு, 16. சோடியத்துக்குக் கல்லுப்பு, 9. பொட்டாசியத்துக்கு ஒரே ஒரு சிவப்பு மஞ்சாடி. கூட்டினால் 200.

இந்த எண்கள் வாய்க்கு வந்தவை அல்ல. ஒரு சாதாரண பசால்ட்டின் ஆக்சைடு எடைச் சதவீதங்களை எடுத்து (சிலிக்கா சுமார் 51, அலுமினா 15, இரும்பு ஆக்சைடு 10, மக்னீசியா 9, கால்சியம் ஆக்சைடு 11, சோடியம் ஆக்சைடு இரண்டரை, பொட்டாசியம் ஆக்சைடு அரைக்கும் கீழே) ஒவ்வொன்றையும் அதன் மூலக்கூறு எடையால் வகுத்து, எத்தனை உலோக அணுக்கள் என்று பார்த்து, மொத்தம் 200 வருமாறு சுருக்கினால் இவை வரும். மாணவர்கள் இந்தக் கணக்கை முதல் நாள் இரவே கையால் போட்டுவிட்டு வர வேண்டும் என்பது என் பிடிவாதம்.

ஆக்சிஜனுக்கு மணி இல்லையே?

வேண்டியதில்லை. பாறையில் அணு எண்ணிக்கையில் பாதிக்கு மேல் ஆக்சிஜன்தான், ஆனால் அது குழம்பிலும் எல்லாக் கனிமங்களிலும் நிறைந்து இருக்கிறது, உலோகங்கள் எங்கே போகின்றனவோ அங்கே தேவையான அளவு கூடவே போகும். அதையும் எண்ணினால் 300 மணி கூடும், புரிவது கூடாது.

முதலில் ஏன் ஒலிவின்? அதில் மக்னீசியம் மட்டும் ஏன் இவ்வளவு?

ஒலிவினில் ஒரு சிலிக்கானுக்கு இரண்டு மக்னீசியமோ இரும்போ இருக்கும். முழுக்க மக்னீசியமான ஒலிவின் உருகுவது 1890 டிகிரியில், முழுக்க இரும்பானது உருகுவது 1205 டிகிரியில். இரும்பு அயனியைவிட மக்னீசியம் அயனி சிறியது, படிகக் கூட்டுக்குள் இறுக்கமாக உட்காரும். ஆகவே சூடான குழம்பிலிருந்து முதலில் பிடிக்கும் ஒலிவின், குழம்பில் இருக்கும் விகிதத்தைவிட மிக அதிகமாக மக்னீசியத்தை இழுத்துக்கொள்கிறது.

முதல் படியில் 6 ஒலிவின் கட்டுகிறோம்: 10 பட்டாணி, 2 நட்டு, 6 புளியங்கொட்டை. குழம்பில் பட்டாணிக்கும் நட்டுக்கும் விகிதம் 25க்கு 16, படிகத்திலோ 10க்கு 2. இந்த 18 மணிகளையும் மாவு வட்டத்துக்கு வெளியே, அடிப்பக்கத்தில் ஓர் அடுக்காக வைத்துவிடுங்கள், திரும்ப உள்ளே வரக்கூடாது.

மிச்சம் 182. பட்டாணி 25லிருந்து 15 ஆகிவிட்டது, பங்கு 12.5 சதவீதத்திலிருந்து 8.2 சதவீதம். நட்டின் பங்கு 8லிருந்து 7.7, ஏறக்குறைய அப்படியே. புளியங்கொட்டை 6 குறைந்திருக்கிறது, ஆனால் பங்கு 47லிருந்து 48.4 ஆகக் கூடியிருக்கிறது.

இந்த இடத்தில் நான் வகுப்பை நிறுத்திவிடுவேன். "சிலிக்கான் கூடியதா, குறைந்ததா?" என்று கேட்டால் பாதிப் பேர் கூடியது என்பார்கள், பாதிப் பேர் குறைந்தது என்பார்கள், ஐந்து நிமிடம் வாக்குவாதம் நடக்கும். நடக்கட்டும். எண்ணிக்கை குறைந்தது, பங்கு கூடியது. வெளியே போன அடுக்கில் மூன்றில் ஒன்றுதான் புளியங்கொட்டை, குழம்பிலோ ஏறக்குறைய பாதி. சராசரியைவிடக் குறைவாக ஒன்றை எடுத்துக்கொண்டு போனால் மிச்சத்தில் அதன் பங்கு ஏறத்தான் செய்யும். யாரும் எதையும் கொண்டுவந்து சேர்க்கவில்லை. பல ஆண்டுகள் கரும்பலகையில், கனிமங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படிகமாவதைக் காட்டும் போவனின் வரிசையை மட்டும் வரைந்து பாடம் நடத்தியிருக்கிறேன், தேர்வுத் தாளில் "குழம்பு ஆறும்போது சிலிக்கா சேர்கிறது" என்று எழுதி வரும், அப்போதெல்லாம் மனசு கஷ்டமாக இருக்கும். மணியைக் கையில் எடுத்துவைத்த பிறகு அந்த வாக்கியம் வருவதில்லை.

இரண்டாம் படியில் என்னென்ன வருகின்றன?

பிளேஜியோகிளேஸ், பைராக்சீன், கொஞ்சம் ஒலிவின், மூன்றும் சேர்ந்து. பிளேஜியோகிளேஸைக் கட்டுவதுதான் மாணவர்களுக்குச் சிரமம், ஏனென்றால் ஒரு சோழியை எடுத்துவிட்டு ஓர் உப்பை வைத்தால் கணக்கு முடிவதில்லை, கூடவே ஒரு கொண்டைக்கடலையை எடுத்துவிட்டு ஒரு புளியங்கொட்டையை வைக்க வேண்டும். மின்னூட்டம் சமமாக இருக்க வேண்டுமே. கால்சியம் வகையில் ஒரு சோழிக்கு 2 கடலை, 2 கொட்டை. சோடியம் வகையில் ஓர் உப்புக்கு 1 கடலை, 3 கொட்டை. கால்சியம் வகை உருகுவது சுமார் 1550 டிகிரி, சோடியம் வகை சுமார் 1100. முதலில் எது மிகுதியாக வரும் என்று இதிலிருந்தே சொல்லிவிடலாம்.

10 பிளேஜியோகிளேஸ், 7 கால்சியம் வகை, 3 சோடியம் வகை: 7 சோழி, 3 உப்பு, 17 கடலை, 23 கொட்டை. 6 பைராக்சீன்: 6 சோழி, 5 பட்டாணி, 1 நட்டு, 12 கொட்டை. 2 ஒலிவின்: 3 பட்டாணி, 1 நட்டு, 2 கொட்டை. கவனியுங்கள், முதல் படியில் ஒலிவினில் 10க்கு 2 ஆக இருந்தது இப்போது 3க்கு 1 ஆகிவிட்டது. குழம்பில் மக்னீசியம் குறைந்ததால் படிகமும் மாறுகிறது.

மொத்தம் 80 மணி வெளியே போகிறது. மிச்சம் 102: கொட்டை 51, கடலை 16, நட்டு 12, பட்டாணி 7, சோழி 9, உப்பு 6, மஞ்சாடி 1. நட்டின் பங்கைப் பாருங்கள், 7.7லிருந்து 11.8 சதவீதம்! 80 மணி போனதில் நட்டு வெறும் 2. இரும்பைப் பெரிதாக எடுத்துக்கொள்ள எந்தக் கனிமமும் வராததால் அது குழம்பில் குவிகிறது.

மூன்றாம் படி?

4 பிளேஜியோகிளேஸ், இப்போது பாதிக்குப் பாதி: 2 சோழி, 2 உப்பு, 6 கடலை, 10 கொட்டை. கால்சியம் உள்ள பைராக்சீன் 4: 4 சோழி, 3 பட்டாணி, 1 நட்டு, 8 கொட்டை. கால்சியம் இல்லாத பைராக்சீன் 1: 1 பட்டாணி, 1 நட்டு, 2 கொட்டை. அப்புறம் மேக்னடைட் 2, ஒவ்வொன்றிலும் 3 இரும்பு, வேறு உலோகம் எதுவும் கிடையாது. இதற்கு ஒரு காந்தத்தைக் கொடுத்து 6 நட்டுகளை ஒட்டி எடுக்கச் சொல்வேன். வகுப்பு முழுக்க எட்டிப் பார்க்கும் நேரம் அது.

மிச்சம் 56: கொட்டை 31, கடலை 10, நட்டு 4, பட்டாணி 3, சோழி 3, உப்பு 4, மஞ்சாடி 1. இதை மறுபடி ஆக்சைடு எடைக்கு மாற்றினால் சிலிக்கா ஏறக்குறைய 60 சதவீதம், அதாவது பசால்ட்டைவிடச் சிலிக்கா கூடிய எரிமலைப் பாறையான ஆண்டிசைட்டின் கலவை. ஆரம்பித்தது பசால்ட். இடையில் நடந்ததெல்லாம் எடுத்து வெளியே வைத்தது மட்டும்தான்.

சிலிக்கா ஏன் சீராக ஏறவில்லை? நான் எங்காவது தப்பாக எண்ணிவிட்டேனா?

இல்லை, சரியாக எண்ணியிருக்கிறீர்கள். இந்தப் பயிற்சியில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது, இதற்கு அரை மணி நேரமாவது கொடுங்கள்.

எடைச் சதவீதத்தில் சிலிக்கா 51.1, 52.1, 53.2, அப்புறம் சட்டென்று 59.7. முதல் இரண்டு படிகளில் குழம்பில் பாதி படிகமாகிவிட்டது, சிலிக்காவோ 2 சதவீதம்தான் ஏறியது. காரணம் கனிமங்களிடம்தான் இருக்கிறது. ஒலிவினில் சிலிக்கா சுமார் 40 சதவீதம், அது கொஞ்சம் ஏற்றிவிடும். ஆனால் கால்சியம் மிகுந்த பிளேஜியோகிளேஸில் ஏறக்குறைய 50, பைராக்சீனிலும் 50ஐ ஒட்டித்தான். 50 உள்ள குழம்பிலிருந்து 50 உள்ள கனிமத்தை எவ்வளவு எடுத்தாலும் மிச்சம் 50தான். கால் பங்கு தண்ணீர் கலந்த மோரிலிருந்து நாலு டம்ளர் எடுத்தாலும் பானையில் இருப்பது கால் பங்கு தண்ணீர் கலந்த மோர்தானே.

இப்போது மூன்றாம் படியை மட்டும் பிரித்துப் பாருங்கள். மேக்னடைட்டை விட்டுவிட்டு மற்றதை எண்ணினால் வெளியே போனது 40 மணி, அதில் கொட்டை 20. சரிபாதி. குழம்பிலும் 102க்கு 51, சரிபாதி. ஆகவே அந்த 40 மணி போனதால் சிலிக்கானின் பங்கு துளியும் மாறவில்லை, 62க்கு 31 என்று அப்படியே நிற்கிறது. அதற்கப்புறம் காந்தம் எடுத்த 6 நட்டுதான் 62ஐ 56 ஆக்கி, 50 சதவீதத்தை 55க்கு மேலே தூக்கியது. சிலிக்காவே இல்லாத ஒரு கனிமம் வெளியேறுவதுதான் குழம்பின் சிலிக்காவை வேகமாக உயர்த்தும் வழி. பசால்ட்டிலிருந்து ஆண்டிசைட்டுக்குப் போகும் பாதையில் மேக்னடைட்டுக்கு இவ்வளவு பெரிய வேலை இருக்கிறது என்று போவன் வரிசைப் படத்தைப் பார்த்து யாரும் ஊகிக்க மாட்டார்கள்.

மஞ்சாடி கடைசி வரை நகரவே இல்லையே, பொட்டாசியம் எந்தக் கனிமத்துக்கும் வேண்டாமா?

இந்தக் கட்டம் வரைக்கும் வேண்டாம் என்றே வைத்துக்கொள்ளலாம். பிளேஜியோகிளேஸ் மட்டும் கொஞ்சம் ஏற்றுக்கொள்ளும், 200 மணிக் கணக்கில் அது தெரியாது. ஒரே மஞ்சாடிதான் முதலிலிருந்து உட்கார்ந்திருக்கிறது, ஆனால் 200ல் ஒன்றாக இருந்தது 56ல் ஒன்றாகிவிட்டது, பங்கு மூன்றரை மடங்குக்கு மேல். ரூபிடியம், பேரியம், தோரியம், யுரேனியம் போன்றவையும் இப்படித்தான் மிச்சக் குழம்பில் குவிகின்றன. இதைத் திருப்பியும் பயன்படுத்தலாம்: ஒரே ஆரம்பக் குழம்பிலிருந்து வந்த எரிமலைப் பாறைகளில், பொட்டாசியத்தை எடுக்கும் கனிமம் வராத வரைக்கும், பொட்டாசியம் எத்தனை மடங்கு கூடியிருக்கிறது என்று பார்த்தால், ஆரம்பக் குழம்பில் எவ்வளவு மிச்சம் என்று தோராயமாகச் சொல்லிவிடலாம்.

நிக்கல் இதற்கு நேரெதிர். ஒலிவினுக்கு நிக்கல் மிகவும் பிடிக்கும், ஆகவே முதல் அடுக்கோடு பெரும்பகுதி போய்விடும். வகுப்பில் நேரம் இருந்தால் 2 வெள்ளை மிளகை நிக்கலாக வைத்து முதல் படியிலேயே எடுத்துக் காட்டலாம்.

படிகங்கள் குழம்பை விட்டுப் பிரியாமல் அதற்குள்ளேயே இருந்தால்?

அப்படியானால் கடைசியில் கிடைப்பது ஆரம்பித்த அதே கலவைதான், 200 மணியும் வட்டத்துக்குள் இருக்குமே. மெதுவாக ஆறினால் பெரிய படிகங்கள் கொண்ட கேப்ரோ என்ற பாறை, வேகமாக ஆறினால் பசால்ட். முன்பு பிடித்த ஒலிவின் குழம்போடு வினைபுரிந்து பைராக்சீனாகும், பிளேஜியோகிளேஸ் தன் கால்சியத்தைக் கொடுத்துச் சோடியத்தை வாங்கிக்கொள்ளும். ஆனால் அந்தப் பரிமாற்றம் பிளேஜியோகிளேஸில் மிக மிக மெதுவாக நடப்பதால், நடுவில் கால்சியம் மிகுந்தும் ஓரத்தில் சோடியம் மிகுந்தும் வளையம் வளையமாக வளர்ந்துவிடும். நுண்ணோக்கியில் தெரியும் அந்த வளையங்கள், ஒரு படிகத்தின் உள்பகுதியே குழம்பிலிருந்து பிரிந்துபோய்விட்டது என்பதற்குச் சாட்சி.

கனமான படிகம் மூழ்கும், சரி. பிளேஜியோகிளேஸ் மூழ்காதே?

நல்ல கேள்வி. ஒலிவினின் அடர்த்தி சுமார் 3.3, பசால்ட் குழம்பு சுமார் 2.7. திரவத்தில் துகள் மூழ்கும் வேகத்தைச் சொல்லும் ஸ்டோக்ஸ் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள், 1 மில்லிமீட்டர் ஒலிவின், பாகுத்தன்மை 50 பாஸ்கல் விநாடி என்றால், ஒரு நாளைக்கு அரை மீட்டருக்குச் சற்று மேல் இறங்கும். குழம்பறை ஆறுவதற்கு ஆகும் நூற்றாண்டுகளோடு ஒப்பிட்டால் இது ஓட்டம். 1915ல் போவன் பிளாட்டினக் கிண்ணத்தில் ஒலிவின் படிகங்கள் அடியில் போய்த் தங்குவதைச் சோதனையிலேயே காட்டினார்.

பிளேஜியோகிளேஸின் அடர்த்தியோ குழம்பின் அடர்த்திக்குப் பக்கத்தில்தான், இரும்பு குவிந்த குழம்பில் மிதக்கவும் கூடும். ஆனால் பிரிவதற்கு மூழ்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. குழம்பறையின் சுவரிலும் தரையிலும் கூரையிலும் படிகங்கள் ஒட்டி வளரும், குழம்பு அவற்றை விட்டு நகர்ந்துவிடும். படிகங்கள் சகதிபோல் சேர்ந்து, தம் எடையில் அமுங்கி, இடையில் உள்ள திரவத்தைப் பிழிந்து மேலே தள்ளுவதும் உண்டு, ஊறவைத்துச் சுமை ஏற்றிய துணி மாதிரி. மணிப் பயிற்சியில் எல்லாவற்றையும் அடியில் அடுக்குவது எண்ணுவதற்கான வசதி, அவ்வளவுதான். இதை மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

பாடநூலில் போவன் வரிசை சிலிக்கா ஏறுவதைத்தான் காட்டுகிறது. இரும்பு ஏறுவது பற்றி ஒன்றுமில்லையே?

இது ஒரு பழைய விவாதம். 1920களில் வாஷிங்டனில் ஒரே ஆய்வுக்கூடத்தில் போவன் ஒரு பக்கம், ஃபென்னர் ஒரு பக்கம். குழம்பு சிலிக்காவை நோக்கிப் போகும் என்றார் போவன், முதலில் இரும்பை நோக்கிப் போகும் என்றார் ஃபென்னர். கிழக்கு கிரீன்லாந்தில் இருக்கும் ஸ்கேர்கார்டு என்ற கேப்ரோத் திரளை வேகரும் டீரும் 1930களில் ஆராய்ந்து 1939ல் வெளியிட்டபோது, ஃபென்னர் சொன்ன பாதை உண்மையில் இருப்பது தெரிந்தது. அங்கே அடியில் இருக்கும் ஒலிவின் மக்னீசியம் மிகுந்தது, நடுவில் ஒலிவினே காணாமல் போகிறது, மேலே மறுபடி வரும்போது இரும்பு மிகுந்து, கடைசியில் ஏறக்குறைய முழு இரும்பு ஒலிவினாக முடிகிறது.

இரண்டு பாதைகளும் உண்டு. எதில் போகும் என்பது பெரும்பாலும் மேக்னடைட் எப்போது வருகிறது என்பதைப் பொறுத்தது. குழம்பில் நீரும் ஆக்சிஜனேற்றமும் அதிகம் என்றால், ஆண்டிஸ் மாதிரி கடல்தட்டு உள்ளே அமிழும் இடங்களில் நடப்பதுபோல, மேக்னடைட் சீக்கிரமே வந்துவிடும், பிளேஜியோகிளேஸ் தாமதமாகும். இதையும் வளவிலேயே செய்து பார்க்கலாம். இரண்டாம் படி முடிந்த கையோடு காந்தத்தை எடுத்து 6 நட்டுகளை எடுத்துவிடுங்கள். மிச்சம் 96, நட்டு 6 சதவீதத்துக்குச் சற்று மேல், கொட்டை 53 சதவீதம். இரும்பு ஏறவே இல்லை, சிலிக்கா முன்கூட்டியே ஏறிவிட்டது. அதே மணிகள், ஒரு கனிமம் வரும் நேரத்தை மட்டும் மாற்றினோம்.

அப்படியானால் கிரானைட் எல்லாம் பசால்ட்டிலிருந்து வந்ததா? திருமயம் மலை, பிள்ளையார்பட்டிக் குன்று?

இந்த முடிவுக்கு மாணவர்கள் ரொம்ப வேகமாகப் போய்விடுவார்கள், கொஞ்சம் பிடித்து நிறுத்த வேண்டும். 56 மணிகளிலிருந்து இன்னும் தொடர்ந்து எடுத்து, சிலிக்கா 70 சதவீதத்தைத் தாண்டும் குழம்பு வர வேண்டுமென்றால் ஆரம்பத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் மிஞ்சும். அதனால்தான் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பீறிட்ட தக்காணத்தில் ஏறக்குறைய 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புக்கு பசால்ட் பரந்து கிடக்க, சிலிக்கா மிகுந்த எரிமலைப் பாறையான ரயோலைட் மும்பைப் பக்கம் போன்ற சில இடங்களில் மட்டும் சிறிதளவு இருக்கிறது. நம் பக்கத்துக் குன்றுகள் மிகப் பழைய கண்ட ஓட்டின் பகுதி. அந்த அளவு சிலிக்கா மிகுந்த பாறை, ஏற்கெனவே இருந்த ஓடு உருகியும் உருமாறியும் உண்டான கதை, அதை இந்தப் பயிற்சியால் விளக்க முடியாது.

செட்டிநாட்டில் இருந்துகொண்டு இதையெல்லாம் நேரில் எங்கே பார்ப்பது?

வாசலில் இருப்பது செம்மண்ணும் செம்புராங்கல்லும், அதில் தேடாதீர்கள். ஆனால் பளபளவென்று மெருகேற்றி "கறுப்பு கிரானைட்" என்று விற்கிறார்களே, அதில் பெரும்பகுதி கிரானைட்டே இல்லை, டோலரைட். பசால்ட்டின் கலவைதான், நிலத்தடியில் விரிசலுக்குள் உறைந்தது. திருவண்ணாமலை, தருமபுரி, விழுப்புரம் பக்கத்துச் சுவர்ப்பாறைகளிலிருந்து வருகிறது. எந்தக் கல் அறுக்கும் பட்டறையிலும் ஒரு துண்டு கேட்டால் கொடுப்பார்கள். கைவில்லையால் பார்த்தால் வெளிர்நிறப் பிளேஜியோகிளேஸ் கம்பிகளும் அவற்றுக்கு இடையே கறுத்த பைராக்சீனும் தெரியும். இரண்டாம் படியில் கட்டிய அதே கனிமங்கள்.

கொஞ்சம் தூரம் போக முடிந்தால் நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி. ஏறக்குறைய முழுக்கப் பிளேஜியோகிளேஸாலான அனார்த்தோசைட் அங்கே இருக்கிறது, இடையிடையே குரோமியத் தாதுவான குரோமைட் பட்டைகள். ஒரே குழம்பு கனிமங்களைத் தனித்தனியாகப் பிரித்து அடுக்கும் என்பதைக் காலடியில் பார்க்கலாம். அதன்பின் கடுமையாக உருமாறிய பாறை அது, ஆகவே எல்லா அமைப்பும் குழம்புக் காலத்தது என்று நினைத்துவிடக் கூடாது. நிலவின் வெளிறிய மேட்டுநிலங்களும் அனார்த்தோசைட்தான், அங்கே நீரில்லாத குழம்புக் கடலில் பிளேஜியோகிளேஸ் மிதந்து மேலோடானது. சந்திரயானுக்காக நிலவு மண் போலச் செயற்கையாகத் தயாரிக்க இஸ்ரோ இந்தப் பகுதிப் பாறையைத்தான் எடுத்துக்கொண்டது. மாணவர்கள் இதைக் கேட்டதும் அந்த வெள்ளைக் கல்லை வேறு மாதிரி கையில் பிடிக்கிறார்கள்.

உண்மையான குழம்பு உறைவதை யாராவது உடனிருந்து பார்த்திருக்கிறார்களா?

ஹவாயில் பார்த்திருக்கிறார்கள். 1959 நவம்பரில் கிலாவேயா இக்கி என்ற பள்ளத்தில் வெடிப்பு தொடங்கி, டிசம்பருக்குள் 100 மீட்டருக்கு மேல் ஆழமான குழம்பு ஏரி நின்றது. மேலே ஓடு பிடித்ததும் 1960 முதல் 1988 வரை அவ்வப்போது அதைத் துளையிட்டு, உள்ளே இருந்த சூடான சகதியையும் கண்ணாடியையும் எடுத்து ஆராய்ந்தார்கள். ஒலிவின் கீழ்நோக்கிச் சேர்ந்திருந்தது, மேல்பகுதியில் இரும்பும் டைட்டானியமும் பொட்டாசியமும் கூடிய மிச்சக் குழம்பு தனி நரம்புகளாகப் பிரிந்து உறைந்திருந்தது. முழுக்க உறைய 1990களின் நடுப்பகுதி வரை ஆனது. நம் வட்டத்தில் ஒரு மதியத்தில் செய்வதை ஓர் ஏரி 35 ஆண்டுகள் செய்திருக்கிறது.

எவ்வளவு நேரம் ஆகும்? எத்தனை பேர் ஒரு குழு?

மூன்று பேர் ஒரு குழு: ஒருவர் எடுக்க, ஒருவர் எண்ண, ஒருவர் எழுத. மூன்று படிக்கும் இரண்டு மணி நேரம். நாலு பேரானால் ஒருவர் கைப்பேசிக்குப் போய்விடுகிறார்.

கடைசியில் கூட்டினால் 200 வரவில்லை என்றால்?

வட்டத்தில் உள்ளதையும் அடுக்குகளில் உள்ளதையும் தனிமம் தனிமமாக எண்ணி, எந்த மணி குறைகிறது என்று பாருங்கள். கடலை குறைந்தால் அநேகமாகப் பிளேஜியோகிளேஸ் கட்டியதில் தப்பு, சோடியம் வகைக்கும் 2 கடலை வைத்திருப்பார்கள். பட்டாணி குறைந்தால் தரையில் உருண்டு தூண் பக்கம் போயிருக்கும். தேடி எடுத்து, எந்தப் படியில் தொலைந்தது என்று தெரிந்தால் அந்தப் படியிலிருந்து, தெரியாவிட்டால் முதலிலிருந்து செய்யச் சொல்லுங்கள். போன மாதம் ஒரு குழு 199ஐ ஒப்புக்கொள்ளாமல் மூன்றாம் முறை செய்து, ஆறு மணிக்கு ஆச்சி விளக்கேற்ற வந்தபோதுதான் கதவு நிலையோரம் கிடந்த அந்த மஞ்சாடியைக் கண்டுபிடித்தது.